கீமோ நடக்கும்போது புரோபயாடிக் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கீமோ போகிறது. குடல் பாக்டீரியாக்கள் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிப் புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் என்று படித்தேன். நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை, பழைய சோறு கொடுக்கலாமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் படித்தது வெறும் வதந்தி இல்லை அம்மா. 2003இல் 186 பெண்களின் சினைப்பைக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். டி செல் என்ற எதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் புகுந்திருந்தவர்கள், இல்லாதவர்களைவிட நெடுநாள் வாழ்ந்தார்கள். ஆனால் கட்டியும் சும்மா இருப்பதில்லை. டி செல்களை அடக்கும் வேறு அணுக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்துகள் இந்த நோயில் பலருக்குப் பெரிதாக வேலை செய்யாததற்கு அதுவும் ஒரு காரணம்.

குடல் பாக்டீரியா விஷயம் இன்னும் எலிகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. 2022இல் வந்த ஆய்வில், ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குலைத்த எலிகளுக்குக் கட்டி வேகமாக வளர்ந்தது, சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சரியாக எடுபடவில்லை. அதை வைத்து மாத்திரை வாங்காதீர்கள். புரோபயாடிக் இந்த நோயைக் கட்டுப்படுத்தும் என்று நிரூபணமாகவில்லை. கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது, மாத்திரையில் உள்ள உயிருள்ள பாக்டீரியா அபூர்வமாக ரத்தத்திலேயே கலந்துவிடலாம்.

பழைய சோறு நம் ஊர்ச் சாப்பாடு, எனக்கும் பிடிக்கும். ஆனாலும் கீமோ முடியும்வரை வேண்டாம். இரவெல்லாம் வெளியே ஊறும் சோற்றில் கெட்ட கிருமியும் பெருகும். சூடாக வடித்த சோறு, ரசம், நன்றாக வெந்த பருப்பு, காய், கொதித்து ஆறிய தண்ணீர் போதும். தயிர், மோரை ரத்த ரிப்போர்ட் பார்த்து உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

சளி, தொண்டை வலி என்று மெடிக்கல் கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கக் கூடாது. அதே சமயம், டாக்டர் எழுதித் தந்தால் எலி ஆய்வை நினைத்துத் தயங்கவும் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் தஞ்சாவூருக்குப் போகலாம் என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. சினைப்பை, மார்பகப் புற்றுநோய் குடும்பவழியாக வரக் காரணமாகும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருக்கிறதா என்று அம்மாவுக்குப் பரிசோதனை செய்திருக்கிறார்களா? இல்லையென்றால் அடுத்த கீமோவுக்குப் போகும்போது அவசியம் கேளுங்கள். அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால், கீமோ நன்றாக எடுபட்டவர்களுக்கு ஓலாபரிப் என்ற மாத்திரை நோய் திரும்புவதைத் தள்ளிப்போட உதவும். அப்புறம், அம்மாவுக்கு அந்த மாற்றம் இருந்தால் மகளான நீங்களும் அந்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.