வாசகர் கேள்வி–பதில்: ஒசாக்காவில் ஒரு வெள்ளிக்கிழமை

கேள்வி: ஜப்பானில் ஒசாக்கா நகரைச் சுற்றிப் பார்க்க எனக்கும் அம்மாவுக்கும் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது, அதுவும் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. நெடுங்காலம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்பதால் அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. மாட்டிறைச்சியை அவர் எந்நாளும் தொடமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் சுத்த சைவம். அருகிலுள்ள கியோத்தோவையும் அன்றே பார்த்துவிடலாம் என்று உறவினர் சொல்கிறார்கள். எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கியோத்தோவை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். ரயிலில் அரைமணி நேரம்தான் என்பது உண்மையே. ஆனால் இறங்கிய பின் கோயிலுக்குக் கோயில் பேருந்து பிடிக்கவும் மேடேறி நடக்கவும் வேண்டியிருப்பதால், உங்கள் அம்மாவின் கால்கள் நண்பகலுக்குள் ஓய்ந்துவிடும். ஒசாக்காவிலேயே ஒரு நாளுக்கு வேண்டியது தாராளமாக இருக்கிறது.

சுரங்க ரயில் நிலையத்தில் 820 யென்னுக்கு ஒருநாள் பயணச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிலையங்களில் மின்தூக்கி உண்டு. காலையில் ஊதா நிறத் தானிமாச்சி தடத்தில் ஏறி ஒசாக்கா கோட்டைக்குச் செல்லுங்கள். போர்த்தலைவர் தோயோதோமி ஹிதேயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டை அழிந்துபோய், இன்று நாம் காணும் கோபுரம் 1931இல் நகரமக்களின் நன்கொடையால் கான்கிரீட்டில் எழுந்தது. ஆகவே உள்ளே ஏறுவதைவிட, அகழியையும் மதிலையும் நின்று பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. சக்குரா வாயிலைக் கடந்ததும் எதிரே நிற்கும் 'தாக்கோ இஷி' என்ற ஒற்றைக் கல்லின் எடை சுமார் 108 டன் என மதிப்பிடுகிறார்கள். இயந்திரமில்லாத காலத்தில் கப்பலேற்றிக் கொண்டுவந்து நிறுத்திய கல் அது. அம்மாவுக்கு அதை அவசியம் காட்டுங்கள்.

அதே தடத்தில் சற்றுத் தெற்கே போனால் ஷித்தென்னோஜி கோயில் வருகிறது. இளவரசர் ஷோத்தோகு 593இல் நிறுவிய இக்கோயில், பலமுறை எரிந்தும் இடிந்தும் பழைய அமைப்பிலேயே மீண்டும் மீண்டும் கட்டப்பட்டது. மேற்கே உள்ள கல் தோரணம் 1294ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆமைகள் வெயில் காயும் குளக்கரையில் அம்மா சற்று நேரம் அமரட்டும். மாதத்தின் 21, 22ஆம் நாள்களில் வளாகத்தில் சந்தை கூடும். உங்கள் வெள்ளிக்கிழமை அந்நாளில் வந்தால் கூட்டத்தை எதிர்பாருங்கள்.

இனி சாப்பாடு. இதில்தான் மிகுந்த கவனம் தேவை. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான 'தாஷி' என்னும் சாற்றை, பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனின் சீவலையும் கோம்பு என்ற கடற்பாசியையும் கொண்டு இறக்குகிறார்கள். ஒசாக்காவிலேயே பிறந்ததாகச் சொல்லப்படும் கித்சுனே ஊடோன் நூடல்ஸின் மேல் இனிப்பான தவ்வு, அதாவது சோயாக் கட்டித் துண்டு மட்டுமே தெரியும். பார்த்தவுடன் சைவம் என்றுதான் நினைப்போம், ஆனால் சாற்றில் மீன் இருக்கும். எனவே மதிய உணவுக்குத் தென்னோஜி நிலையத்தை ஒட்டிய இந்திய உணவகம் ஒன்றை முன்கூட்டியே பார்த்து வைத்து, பருப்புக் கறியும் நான் ரொட்டியும் கேளுங்கள். இடையில் பசித்தால், சிவப்புப் பயறு இனிப்பை உள்ளே வைத்த மோச்சி உண்டைகள் அம்மாவுக்கு ஏற்றவை.

பிற்பகலில் சிவப்பு நிற மிதோசுஜி தடத்தில் ஷின்செக்காய் பகுதிக்குப் போய், 1956இல் கட்டிய சூத்தென்கக்கு கோபுரத்தை வெளியிலிருந்தே பார்த்தால் போதும். அங்குள்ள குஷிகாத்சு கடைகளில் தாமரைக் கிழங்கும் வெங்காயமும் குச்சியில் செருகிப் பொரித்துக் கிடைத்தாலும், பல கடைகளில் மாட்டிறைச்சியையும் அதே எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள். மாட்டுக் கொழுப்பையே எண்ணெயாகப் பயன்படுத்தும் கடைகளும் உண்டு. அம்மாவுக்கு அது எந்தக் கிழமையிலும் ஆகாது.

மாலையில் நம்பா நிலையத்தில் இறங்கி, 1615இல் வெட்டி முடித்த தோத்தோன்போரி கால்வாய்க் கரைக்குச் செல்லுங்கள். நீங்கள் அசைவம் சாப்பிடுபவரானால் தாக்கோயாக்கி உண்ணாமல் வராதீர்கள். பணியாரச் சட்டியைப் போன்ற குழிக்கல்லில் மாவை வழிய வழிய ஊற்றி, குழிக்கொரு ஆக்டோபஸ் துண்டு இட்டு, வழிந்த மாவை மெல்லிய கம்பியால் உள்ளே மடக்கியபடியே உருண்டைகளைத் திருப்புவார்கள். மேல்தோல் இறுகியிருந்தாலும் உள்ளே கூழாகக் கொதித்துக்கொண்டிருக்கும். பிட்டு ஆறவைத்துச் சாப்பிடுங்கள். அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி ஹோசென்ஜி கோயில் இருக்கிறது. வருவோரெல்லாம் அகப்பையில் நீர் மொண்டு ஊற்றியே, அங்குள்ள ஃபுதோ மியோஓ என்னும் பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலை முழுக்கப் பாசி படர்ந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை விரதமிருக்கும் அம்மாவும் தம் கையால் ஒரு அகப்பை நீர் ஊற்றலாம்.

கேள்வி: இங்கிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?
– அதே வாசகி

பதில்: செருண்டிங் உட்பட இறைச்சி கலந்த எதையும் கொண்டு போகாதீர்கள், ஜப்பானில் அதற்குக் கடுமையான தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள் ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். புட்டியில் அடைத்த ஊறுகாயும் பருப்புப் பொடியும் போதும். அங்குள்ள சிறு கடைகளில் வெறும் சோறு பொட்டலமாகவே கிடைக்கும், அதைச் சூடாக்கியும் தருவார்கள்.