ஒரு காதில் மட்டும் கேட்கும் குரல்: மோனோ ஆக்குவதற்கு முன்

கேள்வி: சட்டையில் மாட்டும் மைக்கை வைத்துத் தாத்தாவின் வாழ்க்கைக் கதையை இரண்டு மணி நேரம் பதிவு செய்தேன். சுருக்காத வேவ் கோப்பு 1,270 எம்பி வருகிறது. ஹெட்போனில் கேட்டால் இடது காதில் மட்டும்தான் குரல். இதை மோனோவாக்கி (ஒற்றைத் தட ஒலியாக்கி), சிறிய எம்பி3 கோப்பாக உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும். முன்பு எம்பி3-யிலேயே எடுத்த பதிவுகளும் சில உண்டு. அவற்றை வேவ் ஆக்கினால் தரம் கூடுமா?

பதில்: எதையும் தொடுவதற்கு முன் அந்த வேவ் கோப்பை இன்னொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். இனிச் செய்யப்போகும் எல்லா வேலையும் நகலில்தான். தாத்தா அதே கதையை மறுபடி சொல்லலாம். அதே குரலில், அதே தயக்கத்தோடு சொல்லமாட்டார்.

ஒற்றை மைக்கை, இடது, வலது என இரண்டு தடங்களில் (சேனல்) பதியும் ஸ்டீரியோ கருவியில் செருகும்போது குரல் இடது சேனலில் மட்டும் விழுவது அடிக்கடி நடப்பதுதான். பதிவு கெட்டுவிடவில்லை. ஆனால் இங்கேதான் பலரும் அவசரப்பட்டு ‘ஸ்டீரியோவை மோனோவாக்கு’ என்ற கட்டளையை அழுத்திவிடுகிறார்கள். அந்தக் கட்டளை இரண்டு சேனல்களையும் கூட்டிப் பாதியாக்கும். வலது பக்கம் வெறுமை என்பதால் குரல் 6 டெசிபல் இறங்கிவிடும். வலது சேனலில் இருக்கும் மெல்லிய இரைச்சலும் குரலோடு கலந்துவிடும். கலக்காதீர்கள், பிரியுங்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் டிராக்கின் பெயரை ஒட்டிய மெனுவைத் திறந்து ‘ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ’ கொடுத்தால் இரண்டு தனி டிராக்குகள் கிடைக்கும். வெறுமையானதை நீக்கிவிடுங்கள். மீதமுள்ள மோனோ டிராக் இரண்டு காதிலும் சமமாக ஒலிக்கும்.

வலது பக்கம் உண்மையிலேயே வெறுமைதானா என்று ஒலியைக் கூட்டிவைத்து ஒருமுறை கேட்டுவிடுங்கள். சில பேட்டிகளில் கேட்பவர் குரல் ஒரு சேனலிலும் பதில் சொல்பவர் குரல் மறு சேனலிலும் இருக்கும். அப்போது நீக்கினால் ஒருவரையே இழப்போம். இரண்டு குரல்களின் அளவையும் தனித்தனியே சரிசெய்துவிட்டு அதன்பிறகு கலக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: இரண்டு காதிலும் நன்றாகக் கேட்கும் குரல், மோனோவாக்கியதும் மங்கிப்போகும் அல்லது மறைந்தே போகும். ஒரு சேனலின் அலை மற்றதற்குத் தலைகீழாகப் பதிவாகியிருப்பதே காரணம். ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால், கூட்டினால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு சேனலை மட்டும் ‘இன்வர்ட்’ செய்துவிட்டு, அதாவது அதன் அலையைத் தலைகீழாக்கிவிட்டுக் கலந்தால் குரல் திரும்பிவிடும்.

இனி அளவு. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் (அதாவது சிடி தர) ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 எம்பி பிடிக்கும். மோனோவில் அது பாதி, ஆக உங்கள் பதிவு 635 எம்பி. அதையே எம்பி3-யில் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) மோனோவாக எடுத்தால் 58 எம்பிக்குள் முடிந்துவிடும். ஒருவர் பேச்சுக்கு இது போதும். பின்னணியில் பாட்டு, இசை இருந்தால் 96 வையுங்கள். ஓபஸ் வடிவம் 32 கேபிபிஎஸ்ஸிலேயே பேச்சைத் தெளிவாகத் தரும், 29 எம்பிதான் ஆகும். ஆனாலும் பழைய கருவி வைத்திருக்கும் உறவினர்களை நினைத்தால் எம்பி3 அனுப்புவதே நல்லது என்பேன். பாதுகாத்து வைக்கும் பிரதிக்கு எம்பி3 வேண்டாம், ஃபிளாக் வடிவத்தில் வையுங்கள். ஒரு துளி ஒலியும் குறையாது, இடமும் கணிசமாக மிச்சமாகும்.

எம்பி3-யை வேவ் ஆக்கினால் தரம் கூடாது, கோப்புதான் பெருக்கும். காதுக்கு எட்டாது என்று கணித்து எம்பி3 நீக்கிய ஒலி திரும்ப வராது. பிட்ரேட்டை, அதாவது அந்தக் கேபிபிஎஸ் அளவை, 128-லிருந்து 320 ஆக்கினாலும் இதே கதைதான். மறுபடி சுருக்கும்போது இன்னும் கொஞ்சம் இழப்புதான் சேரும். பழைய எம்பி3-களை அப்படியே விட்டுவிடுங்கள். இருமலையோ இடைவெளியையோ வெட்ட வேண்டுமென்றால், மறுபடி சுருக்காமல் வெட்டித்தரும் எம்பி3டைரக்ட்கட் போன்ற கருவி போதும். சத்தத்தைக் கூட்டவோ இரைச்சலை அகற்றவோ வேண்டியிருந்தால், ஆடாசிட்டியில் திறந்து எல்லாத் திருத்தத்தையும் முடித்துவிட்டு ஒரே ஒருமுறை எம்பி3 ஆக்குங்கள். இடையில் நிறுத்தினால் ஆடாசிட்டியின் புராஜெக்ட் கோப்பாகச் சேமித்து வைத்து, மறுநாள் அதிலிருந்தே தொடருங்கள்.