மூன்று சாட்சிகள், ஒரு கொலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரைப் பார்த்துவிட்டு அதன் மூலமான 'ஃபயர் அண்ட் பிளட்' நாவலை வாசித்தேன். ஒரு வரலாற்று நூலின் வடிவில் எழுதப்பட்ட நாவல். முக்கியமான இடங்களிலெல்லாம் 'இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார்' என்று நழுவுகிறது. நிஜ வரலாற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை என்றால் சரி. முழுக்கக் கற்பனையான உலகில், எல்லாம் தெரிந்த நாவலாசிரியர் உண்மையை ஏன் மறைக்கவேண்டும்? இது வாசகனை ஏமாற்றுவதுதானே?

ஆர்.கே.

அன்புள்ள ஆர்.கே.,

எல்லாம் தெரிந்த நாவலாசிரியரா? ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் மனதில் ஒரு விடை இருக்கலாம். நாவலில் அது இல்லையே. அங்கே இருப்பவர்கள் சாட்சிகள் மட்டும்தான். 2018இல் வெளிவந்த அந்த நாவலின் கதைமாந்தர்களாக அரசர்களை எடுத்துக்கொண்டால் எரிச்சல்தான் வரும். எழுதி வைத்தவர்களை எடுத்துக்கொண்டு பாருங்கள்.

பீஸ்பரி பிரபுவின் சாவையே எடுத்துக்கொள்வோம். மன்னர் இறந்த இரவில், மகளுக்குப் பதிலாக மகனுக்கு முடிசூட்ட ஆலோசனைக் குழு கூடுகிறது. பீஸ்பரி எதிர்க்கிறார். அவர் சிறையில் சளிக்காய்ச்சலில் செத்தார் என்கிறார் அரண்மனை அறிஞர் ஆர்வைல். ஆலோசனை அறையிலேயே கழுத்தறுக்கப்பட்டார் என்கிறார் மதகுரு யூஸ்டஸ். ஜன்னல் வழியாக வீசப்பட்டார் என்கிறான் கோமாளி மஷ்ரூம். கோமாளி அன்று அந்த ஊரிலேயே இல்லை. இந்த மூவரில் அந்த அறைக்குள் இருந்தவர் ஆர்வைல் ஒருவர்தான். ஆனால் அவர் சொல்வது பின்னாளில் சிறையில் கிடந்தபோது எழுதிய வாக்குமூலம். கண்ணெதிரே கொலை நடக்க வாய்மூடி இருந்தேன் என்று எந்தக் கைதி எழுதுவான்? யூஸ்டஸோ முடிசூட்டிய தரப்பின்மேல் சாய்வுள்ளவர். தன் தரப்புக்கு இழுக்கு தருவதை அவரே சொல்வதால் அதற்கு எடை கூடுகிறது. நான் கழுத்தறுப்பையே நம்புகிறேன். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் அந்த முடிவுக்கு வர மூன்று மனிதர்களின் பயத்தையும் விசுவாசத்தையும் வம்பாசையையும் நிறுத்துப் பார்த்தாகவேண்டும். மறைக்கப்பட்டது என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் கொடுக்கப்பட்டிருப்பது இதுதான். தொலைக்காட்சித் தொடருக்கு இந்த வசதி இல்லை, ஏதாவது ஒரு சாவைக் காட்டியே தீரவேண்டும்.

இதைவிட அழகான உதாரணம் டோல்கீன். 1937இல் வந்த 'ஹாபிட்' முதல் பதிப்பில், புதிர்ப்போட்டியில் தான் தோற்றால் தன் மாய மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக, குகையில் வாழும் கோலமே கதைநாயகன் பில்போவுக்கு வாக்களிக்கிறான். அடுத்து எழுதிய பெரிய நாவலான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'இல் அந்த மோதிரம் யாரும் மனமுவந்து கொடுக்கமுடியாத பொருளாகிவிட்டது. எனவே 1951இல் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். அத்துடன் விட்டிருக்கலாம். பழைய வடிவத்தையும் கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்: அது பில்போ தன் குறிப்பேட்டில் எழுதிவைத்த பொய்யாம், மோதிரத்தின்மேல் தனக்கு உரிமை உண்டு என்று காட்டிக்கொள்ள! மோதிரம் அந்த நல்ல மனிதனை அப்போதே கெடுக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தப் பொய்யே சான்றாகிவிடுகிறது. எழுத்தாளனின் நெருக்கடி கதைமாந்தனின் குணமாக மாறிய இடம் இது. சாமர்த்தியம்தான், ஆனால் எப்பேர்ப்பட்ட சாமர்த்தியம்!

மார்ட்டின் எல்லா இடத்திலும் அந்த உயரத்தில் இல்லை. மஷ்ரூம் பெயர் வந்தாலே அடுத்தது படுக்கையறைச் சமாச்சாரம் என்பது சீக்கிரமே தெரிந்துபோகிறது. ஒரு சாட்சி என்ன சொல்வான் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அவனை விசாரிப்பதில் அர்த்தமில்லை. உங்கள் அலுப்பு அந்தப் பக்கங்களில் தொடங்கியிருந்தால் நானும் உங்கள் கட்சி.