வீடியோவில் புரிகிறது, பரீட்சையில் வரவில்லை

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் எல்லாப் பாடத்தையும் செல்போனில் வீடியோவாகத்தான் பார்க்கிறான். கேட்டால் ‘புரிஞ்சிடுச்சும்மா’ என்கிறான். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 38 மதிப்பெண். போனைப் பிடுங்கி வை என்கிறார் அவன் அப்பா. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போனைப் பிடுங்க வேண்டாம். பையன் பொய்யும் சொல்லவில்லை. பார்க்கும்போது அவனுக்குப் புரியத்தான் செய்கிறது. சிக்கலே அங்கேதான். நன்றாகச் சொல்லித்தரும் ஒருவர் நீக்கல் முறைக் கணக்கை மளமளவென்று போட்டுக் காட்டினால் நாமே போட்டதுபோல இருக்கும். ஆனால் போட்டது அவர். பையன் பேனாவைத் தொடவே இல்லை.

ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது முதல் பிரிவுதான் முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அது அச்சுப் பாடம், வீடியோ இல்லை. இருந்தாலும் உங்கள் மகனுக்கு அப்படியே பொருந்தும். பரீட்சை என்ன, வீடியோ முடிந்த ஐந்தாவது நிமிடத்திலா வருகிறது?

அதனால் கணக்கைச் சொன்னதும் வீடியோவை நிறுத்திவிட்டு நோட்டில் அவனே போடட்டும். பத்து நிமிடம் திணறினாலும் பரவாயில்லை. எங்கே மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தபின் மிச்சத்தைப் பார்த்தால்தான் அந்த வரி மனதில் நிற்கும். அப்புறம் போனை உங்களிடம் கொடுத்துவிட்டு, புத்தகத்தில் உள்ள பயிற்சிக் கணக்குகளைப் போடட்டும். இரண்டு நாள் கழித்து அதே கணக்கைத் திடீரென்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. அவன் சொல்லச் சொல்லக் கேட்டால் போதும். தடுமாறும் இடம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

2018 முதல் வந்த அரசுப் பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிட்டிருக்கிறார்கள். யூடியூபில் தேடப்போய் வேறெங்கோ போய் நிற்பதைவிட, அதை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது.

அடுத்த அலகுத் தேர்விலும் மதிப்பெண் ஏறவில்லையென்றால் விடைத்தாளோடு கணக்கு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். ஏழு, எட்டாம் வகுப்புப் பாடத்தில் எங்காவது ஓட்டை இருக்கலாம். அதை ஒன்பதாம் வகுப்பு வீடியோ அடைக்காது. அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.