ஒட்ட வெட்டிய தலையும் உச்சி வெயிலும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் முகத்துக்குப் போடும் சன்ஸ்கிரீன் பற்றி எழுதியதும், "முகம் சரி, மண்டைக்கு?" என்று ஆண்கள் வரிசையாகக் கேட்டு எழுதிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். முடியை ஒட்ட வெட்டியவர், முன்னால் ஏறியவர், மொட்டை போட்டவர் எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கட்டட சைட்டில் சூப்பர்வைசர் வேலை. வேர்க்கிறது என்று மாதம் இரண்டு தடவை ஜீரோ மெஷின் போட்டுவிடுவேன். வெட்டிய மறுநாள் உச்சந்தலையைத் தொட்டாலே எரிகிறது, நாலாவது நாள் பொடுகு மாதிரி உதிர்கிறது. பொடுகு ஷாம்பு போட்டால் எரிச்சல் கூடுகிறது. எலுமிச்சம்பழம் தேய்த்தால் சூடு இறங்கும் என்கிறார்களே, தேய்க்கலாமா? (34 வயது வாசகர், திருச்சி)

முதலில் அந்த எலுமிச்சம்பழத்தைக் கீழே வையுங்கள். அதன் சாறும், தோலில் இருக்கும் எண்ணெயும் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தலை வெந்துபோகும், கொப்புளம்கூட வரும், ஆறிய பிறகும் கருந்திட்டு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். பழத்தில் இருக்கும் ஃப்யூரோகூமரின் என்ற பொருளும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து செய்கிற வேலை அது. ராத்திரி தேய்த்து நன்றாகக் கழுவினால் ஆபத்து குறைவு, ஆனால் ஏற்கெனவே எரிகிற தலைக்கு அது எதற்கு?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பொடுகு இல்லை, வெயிலில் வெந்த தோல் உரிகிறது என்றுதான் தோன்றுகிறது. பொடுகு அரிக்கும், செதில் பொடியாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும், சிலருக்குப் புருவத்திலும் மூக்கோரத்திலும்கூட வரும். வெயிலில் வெந்த இடமோ முதலில் சூடாகி வலிக்கும், அப்புறம் வெங்காயச் சருகு மாதிரி அகலமாகக் கிளம்பும், அதுவும் வெயில் பட்ட உச்சியில்தான், காதுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவாக வெளியே தெரியாது என்பதால் நம்மில் பலர் இதைப் பொடுகு என்றே நினைத்து ஷாம்பு மேல் ஷாம்பு மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

உச்சியில் மட்டும் ஏன் என்றால், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் திருச்சியில் பகல் 12:15 வாக்கில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. உங்கள் சைட்டில் செங்குத்தாக நிற்கும் பில்லர் கம்பிக்கு அந்த நேரம் நிழலே விழாது, பார்த்திருப்பீர்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு முறை அப்படி வரும். முகத்தில் சாய்வாக விழுகிற கதிர் மண்டையில் செங்குத்தாக விழுகிறது, அதைத் தடுத்துக்கொண்டிருந்த முடியையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். புற ஊதாக் குறியீடு என்று வானிலை ஆப்களில் ஓர் எண் வருமே, அது 3-ஐத் தாண்டினாலே தலையை மூடச் சொல்கிறார்கள், 11 வந்தால் உச்சக்கட்ட ஆபத்து. கோடை மதியத்தில் நம் ஊர்களில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: எரிச்சல் அடங்கும்வரை பொடுகு ஷாம்புவை நிறுத்துங்கள், குளிர்ந்த தண்ணீரில் தலையை அலசுங்கள், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ கற்றாழை ஜெல்லோ தடவுங்கள், உரிகிற தோலைப் பிய்க்காதீர்கள். கொப்புளம், காய்ச்சல், தலைசுற்றல் வந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். இரண்டு மூன்று வாரம் தலையை நன்றாக மூடியும் உதிர்வது நிற்கவில்லை என்றால் என் கணிப்பு சரியில்லை என்று அர்த்தம், அப்போதும் தோல் டாக்டர்தான்.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள்: சைட்டில் உங்கள் ஹெல்மெட் எங்கே? சூப்பர்வைசரே போடாவிட்டால் சித்தாளும் கொத்தனாரும் எப்படிப் போடுவார்கள்? செங்கல்லுக்கு மட்டுமில்லை, வெயிலுக்கும் அதைவிட நல்ல மறைப்பு கிடையாது. அடியில் மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டால் வேர்வையை அது வாங்கிக்கொள்ளும். மெஷினில் ஜீரோவுக்குப் பதில் 3 அல்லது 4-ஆம் நம்பர் சீப்பு மாட்டச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் முடிகூட ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல்.

கேள்வி: தலைக்கு எந்த சன்ஸ்கிரீன் போடுவது? முகத்துக்குப் போடுகிற கிரீமைத் தேய்த்தால் முடியெல்லாம் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது, கிரிக்கெட் ஆடும்போது வேர்வையோடு கண்ணில் இறங்கி எரிகிறது. (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

தம்பி, கெட்டி கிரீம் முகத்துக்கு. ஒட்ட வெட்டிய தலைக்கு ஜெல் அல்லது தண்ணீர் மாதிரி ஓடுகிற லோஷன் வாங்குங்கள். எஸ்பிஎஃப் என்ற காப்பு எண் 30-க்குக் குறையாமல், யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் பிஏ பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கட்டும், வேர்வைக்கு நிற்கும் என்று போட்டிருக்கட்டும். எஸ்பிஎஃப் 30 என்பது தோலை எரிக்கிற யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டாம், அந்தக் காசில் இன்னொரு டியூப் வாங்கித் தாராளமாகத் தடவுங்கள்.

ஏனென்றால் கோளாறே அளவில்தான் இருக்கிறது. டியூப்பில் போட்டிருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்து வந்தது. மண்டை முழுவதற்கும் என்றால் சுமார் கால் டீஸ்பூன் ஆகும். நாமோ ஒரு பொட்டு எடுத்து முன்நெற்றியில் தேய்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். உச்சியில், சுழியில், காதின் மேல் விளிம்பில், பிடரியில் விரல் நுனியால் தோல்வரை தேய்க்க வேண்டும். ஆடப் போவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஒரு முறை, அப்புறம் இரண்டு மணிக்கொரு முறை. ஸ்ப்ரே என்றால் உள்ளங்கையில் அடித்துத் தடவுங்கள், காற்றில் அடித்தால் பாதி மூச்சுக்குள்தான் போகும். கண்ணில் இறங்குவதற்கு நெற்றியில் மட்டும் ஸ்டிக் வகையைப் போட்டுப் பாருங்கள், அது அவ்வளவாக ஓடாது.

ஃபீல்டிங்கில் நாள் பூராவும் நிற்கிறவருக்கு நான் தொப்பிக்குத்தான் முதல் ஓட்டுப் போடுவேன், சன்ஸ்கிரீன் அதற்குத் துணை. முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கேப் காதையும் பிடரியையும் விட்டுவிடும். டெஸ்ட் ஆட்டங்களில் போடுகிற, சுற்றிலும் விளிம்பு வைத்த தொப்பி நல்லது. வாங்குமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துணி வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வேண்டாம்.

கேள்வி: மே மாதம் பழனியில் கணவருக்கும் இரண்டு வயதுப் பையனுக்கும் மொட்டை போடுவதாக வேண்டுதல். சந்தனம் தடவினால் வெயில் தாக்காதுதானே? (வாசகி, மதுரை)

சந்தனம் ஈரமாக இருக்கும்வரை குளுமையாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அரை மணியில் காய்ந்து வெடித்து உதிர்ந்துவிடும், அதை நம்பி உச்சி வெயிலில் கிரிவீதி சுற்றக் கூடாது. இத்தனை காலம் முடிக்கடியில் வெயிலே பார்க்காத வெளுத்த தோல் அது, கத்தி பட்ட சின்னச் சின்னக் கீறல் வேறு. விடியற்காலையிலேயே மொட்டையை முடித்துவிட்டு, சந்தனம் தடவி, அதற்கு மேல் குடை பிடியுங்கள். கறுப்புக் குடை நல்லது, புற ஊதாக் கதிரில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்துவிடும். கீறல் ஆறும்வரை சன்ஸ்கிரீன் வேண்டாம், எரியும். பையனுக்குப் பருத்தித் தொப்பி ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப் போங்கள், ஒன்றை எப்படியும் தொலைத்துவிடுவான். கைக்குழந்தை யாராவது கூட வந்தால், ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு சன்ஸ்கிரீன் பூச வேண்டாம், நிழல்தான். ஊருக்கு வந்த பிறகும் முடி கொஞ்சம் வளரும்வரை இருவருக்கும் தொப்பியோ துண்டோ இருக்கட்டும்.

கேள்வி: பைக் ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுமாமே? (கோவை)

கொட்டாது. உள்ளே கட்டுகிற துணியைத் துவைக்காமல் வாரக்கணக்கில் கட்டினால் அரிப்பும் பொடுகும் வரும், அதற்குத் துணியைத் துவைத்தால் போதும்.

கேள்வி: உச்சந்தலை வழுக்கை. நடுவில் மிளகளவு சொரசொரப்பு, வலியில்லை, சுரண்டினால் போய்விட்டு மறுபடி வருகிறது. ஆறு மாதமாக இருக்கிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். (67 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, எண்ணெய் தடவிக் காத்திருக்காமல் இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல வருட வெயிலில் வழுக்கைத் தலையில் உப்புத்தாள் மாதிரி இப்படித் திட்டு வருவதுண்டு. கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்குத்தான் முதலில் தட்டுப்படும். எல்லாம் புற்றுநோய் ஆகிவிடுவதில்லை, ஆனால் சில ஆகும். நம் தோலில் இருக்கும் மெலனின் ஓரளவு காப்பாற்றுகிறது, அதனால் வெள்ளைக்காரர்களுக்கு வருகிற அளவுக்கு இங்கே வருவதில்லை. வரவே வராது என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆரம்பத்திலேயே பார்த்தால் திரவ நைட்ரஜனால் உறைய வைத்தோ களிம்பு போட்டோ எடுத்துவிடுவார்கள், சந்தேகம் இருந்தால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். ரத்தம் கசிந்தாலோ, ஆறாத புண்ணானாலோ, அடியில் தடித்தாலோ ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது. அதுவரை சுரண்டாதீர்கள்.

மாத்திரையைப் பற்றிச் சொன்னது நல்லதாயிற்று. பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை வெயிலைத் தோலுக்கு இன்னும் கடுமையாக்கும், பல கூட்டு மாத்திரைகளில் அது கலந்திருக்கிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போய் அந்த டாக்டரிடமே காட்டுங்கள்.