எக்செலில் 077 அடித்தால் முன் சைபர் ஏன் போகுது?

களுவாஞ்சிகுடி மாதர் சங்கப் பட்டியலில் எல்லாருடைய போன் நம்பரும் 077 இல்லாமல் 77 என்றே தொடங்குது என்று கேட்டிருக்கீங்க. எக்செல் அதைக் கணக்குப் போடும் எண்ணாக எடுக்குது. எண்ணுக்கு முன்னால் சைபருக்கு ஏது மதிப்பு? போன் நம்பரை யாரும் கூட்டிப் பார்க்கப்போறதில்லை, எழுத்தாகவே வைங்க. அடிக்க முதல் அந்த நிரல் முழுவதையும் தெரிவுசெய்து றைட் கிளிக், ஃபோமட் செல்ஸ், டெக்ஸ்ட்.

ஏற்கெனவே அடித்ததுக்கு இது சரிவராது. அதுக்கு அதே ஃபோமட் செல்ஸில் கஸ்டம் என்பதில் பத்து சைபர் அடிச்சு ஓகே குடுங்க, முன் சைபர் திரும்பத் தெரியும்.

அடையாள அட்டை நிரலையும் முதலே டெக்ஸ்டாக்குங்க. பழைய இலக்கம் கடைசியில் ‘வி’ எழுத்து இருக்கிறதால தப்பிடும், புதிய 12 இலக்கம்தான் நடுவில் ஆங்கில ‘ஈ’ (E) போட்டுச் சுருங்கி நிற்கும்.