கையொப்பம் பெரிய விஷயமில்லையா, தம்பி?

கேள்வி: எனக்கு 29 வயது. ஸ்காபரோவில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். சிறு உணவகங்கள் தங்கள் சாமான் கணக்கையும் ஓடர்களையும் போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு செயலி செய்திருக்கிறேன். ஏழு கடைக்காரர் இப்போது இலவசமாகப் பாவிக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்க 150,000 டொலர் வேண்டும். எங்கள் வீட்டுக்கடன் கட்டி முடிந்துவிட்டது, வீட்டை ஈடாக வைத்து, வேண்டியபோது எடுக்கிற வங்கிக் கடனான லைன் ஒஃப் கிரெடிட் எடுக்கலாம். அப்பா 1995இல் வந்தவர். இப்போது 62 வயது, வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இன்னும் இரவு வேலை. அவரிடம் இதுபற்றி இன்னும் விவரமாகச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து வங்கிக் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன், அதனால் அவருடைய கையொப்பம் பெரிய விஷயமில்லை. அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அவதான் அழுது மறுக்கிறா. எனக்கு முன்மாதிரி கனடியத் தொழிலதிபர் ரொபேட் ஹெர்ஜாவெக். அவரும் ஒன்றுமில்லாமல் வந்த குடும்பத்துப் பிள்ளை. துணிந்ததால்தான், புதுத் தொழில் தொடங்குகிறவர்கள் வந்து பணம் கேட்கிற ‘ட்ராகன்ஸ் டென்’ ரி.வி. நிகழ்ச்சியில் ‘ட்ராகன்’ எனப்படும் முதலீட்டாளராக இருந்தார். அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

— வாசகர், ஸ்காபரோ

பதில்: தம்பி, அம்மாவைச் சம்மதிக்க வைக்க நான் உமக்கு வழி சொல்லித் தரப்போவதில்லை. இந்தக் கடிதம் வயதும் தொழிலும் மாறி எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒருவருக்கு உணவகம், ஒருவருக்கு ட்ரக், உமக்குச் செயலி. எல்லாவற்றிலும் கடன் கட்டி முடித்த ஒரு வீடு இருக்கும், அழுகிற ஒரு தாய் இருப்பா. உம்முடைய கடிதத்தில் வேறொன்றும் இருக்கிறது. போகிறபோக்கில் எழுதிவிட்டீர்: வங்கிக் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன், அதனால் அவருடைய கையொப்பம் பெரிய விஷயமில்லை.

எழுதும்போது உமக்குக் கை கூசவில்லையா?

எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஒரு தகப்பன் வங்கிக் கடிதத்தைக் கொடுக்கிறார் என்றால், வீட்டின் வரவு, செலவு, கடன், மானம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். இரவு வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, “இதில என்ன எழுதிக்கிடக்கு தம்பி?” என்று கேட்டிருப்பார். நீர் சொன்னதை நம்பினார். பதினாறு வருடமாக நம்புகிறார். மகன் வாசிக்கிறான் என்பதால்தான் அவர் வாசிப்பதில்லை. இப்போது அதே நம்பிக்கையை வைத்தே அவருடைய வீட்டை ஈடு வைக்கப் பார்க்கிறீர்.

சட்டத்தரணிகளின் அலுவலகங்களுக்கு வயதானவர்களோடு மொழிபெயர்க்கப் போய் வந்தவள் நான். மகனோ மகளோ தாளில் விரலை வைத்துக் காட்டுவார்கள். தகப்பன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, “இதிலயோ?” என்று மட்டும் கேட்பார். பிறகு பேரைத் தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, கோட்டுக்கு வெளியே போகாமல் எழுதுவார். எதில் கையொப்பம் வைக்கிறோம் என்று அவர்கள் கேட்பதில்லை. பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது அப்படிக் கேட்பது பிள்ளையைச் சந்தேகிப்பது போலாகிவிடும் என்று நினைக்கிறார்கள்.

ஹெர்ஜாவெக்கை முன்மாதிரி என்கிறீர். அவர் கதையை முழுக்கத்தான் படித்தீரா? 1970இல், எட்டு வயதில், அன்றைய யூகோஸ்லாவியாவின் குரோவேசியாவிலிருந்து வந்தவர். தகப்பன் கம்யூனிச ஆட்சியை எதிர்த்துப் பேசிச் சிறைக்குப் போனவர் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஹலிஃபக்ஸில் வந்து இறங்கும்போது கையில் ஒரு சூட்கேஸும் 20 டொலரும். பிறகு ரொறன்ரோவில், தெரிந்தவர் ஒருவரின் பேஸ்மென்டில் குடித்தனம். தகப்பனுக்குத் தொழிற்சாலையில் வாரம் 76 டொலர் சம்பளம்.

அந்த வீட்டுக்கு ஒருநாள் வக்யூம் கிளீனர் விற்கிறவன் வந்தான். ஆங்கிலம் சரியாகத் தெரியாத தாயிடம் இனிக்க இனிக்கப் பேசி, 500 டொலருக்கு ஒன்றைத் தலையில் கட்டிவிட்டுப் போனான். தகப்பனின் ஏறக்குறைய ஏழு வாரச் சம்பளம் அது. பள்ளியால் வந்த பையன் அதைப் பார்த்தான். இனி என் குடும்பத்தை ஒருவரும் இப்படி ஏமாற்ற விடமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்ததாக ஹெர்ஜாவெக் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவருடைய உழைப்புக்கெல்லாம் அடியில் கிடப்பது அந்த நாள்தான்.

அந்தக் கதையில் உம்மை அந்தப் பையனாக நினைத்துக்கொண்டிருக்கிறீர். நீர் செய்யப்போவதைப் பார்த்தால், கதவைத் தட்டியவனின் இடத்தில்தான் நிற்கிறீர். அவனாவது வெளி ஆள். தாளில் இருப்பது விளங்காத ஒருவரிடம், விளங்காது என்று தெரிந்துகொண்டே கையொப்பம் வாங்குவதற்கு மகன் என்ற உறவு ஒரு சாட்டு ஆகாது. அது குற்றத்தை இன்னும் பெரிதாக்கும்.

துணிந்ததால்தான் அந்த இடத்துக்கு வந்தார் என்று எழுதியிருக்கிறீர். யாருடைய பணத்தில் துணிந்தார்? ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் அரசியலும் படித்து 1984இல் வெளியே வந்தவர். கணினித் துறையில் அனுபவம் கிடையாது. லொஜிக்குவெஸ்ட் என்ற கொம்பனியில் வேலை கேட்டபோது, ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறேன் என்று சொல்லிச் சேர்ந்தார். பகலில் அங்கே விற்பனை, இரவில் உணவகத்தில் மேசைக்குச் சாப்பாடு பரிமாறி வாடகை கட்டினார். பிறகு அந்த வேலையும் போனது. 1990இல் தன் வீட்டு பேஸ்மென்டில் ‘பிராக் சிஸ்டம்ஸ்’ என்ற கணினிப் பாதுகாப்புக் கொம்பனியைத் தொடங்கினார். பத்து வருடம் நடத்தி, 2000இல் ஏடி அன்ட் டி கனடா என்ற தொலைத்தொடர்புக் கொம்பனிக்கு விற்றார். 2003இல் ஹெர்ஜாவெக் குரூப் என்று அடுத்த கொம்பனி. ‘ட்ராகன்ஸ் டென்’ கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது 2006இல், அதே மாதிரியான அமெரிக்க நிகழ்ச்சி ‘ஷார்க் டாங்க்’ 2009இல். நாட்டுக்கு வந்து 36 வருடம் கழித்துத்தான் ரி.வி.யில் அந்தக் கதிரை. சம்பளமில்லாத அந்த ஆறு மாதம் தகப்பனின் வீட்டிலிருந்து வரவில்லை, அவருடைய நித்திரையிலிருந்து வந்தது.

இந்த வருடங்களில் எதையும் ரி.வி. காட்டாது. அங்கே ஒருவர் நின்று ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டு வறுக்கப்பட்டாலும் நாம் பார்ப்பது பத்து நிமிடம். கை குலுக்கியவுடன் பணம் வந்துவிட்டதாக நினைக்கிறோம். அதற்குப் பிறகுதான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார்கள், அங்கே பல ஒப்பந்தங்கள் கலைந்துபோகும். அவர்கள் முதலில் கேட்பதும் ஒன்றுதான்: எவ்வளவு விற்றீர்? ஏழு கடைக்காரர் இலவசமாகப் பாவிக்கிறார்கள் என்றால் உம்முடைய விற்பனை பூச்சியம். ஹெர்ஜாவெக் வாழ்நாளெல்லாம் செய்தது விற்பனை. நீர் ஒரு கடைக்காரரிடம் மாதம் 30 டொலர் கேட்கத் துணியவில்லை, அப்பாவிடமிருந்து 150,000 எடுக்கத் துணிகிறீர்.

புதுக் கொம்பனிகளில் முதலிடுகிற வென்சர் கப்பிட்டல்காரர் எப்படிப் பணம் போடுகிறார் என்பதும் உமக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர் போல எழுதுகிறீர். பல கொம்பனிகளில் பிரித்துப் போடுகிறார்கள். பெரும்பாலானவை போய்விடும், ஒன்றிரண்டு எழும்பினால் அது மற்ற எல்லாவற்றின் நட்டத்தையும் ஈடு செய்யும் என்று கணக்குப் பார்த்துப் போடுகிறார்கள். கொம்பனி மூழ்கினால் தொடக்கியவர் திருப்பிக் கட்டத் தேவையில்லை. அந்த ஆபத்தை ஏற்பதற்காகத்தான் கொம்பனியில் பங்கு வாங்குகிறார்கள். உம்முடைய அப்பாவிடம் இருப்பது ஒரேயொரு வீடு. நீர் மூழ்கினாலும் அவர் கட்டவேண்டும். இவ்வளவுக்கும் அவருக்கு எத்தனை வீதம் பங்கு? உம்முடைய கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. முன்பின் தெரியாத ட்ராகனுக்குப் பங்கு கொடுக்க ஆயத்தமாக இருக்கிறீர், பெற்ற தகப்பனுக்கு வட்டியைக் கொடுக்கிறீர்.

அந்த வட்டியும் நிலையாக நிற்காது. கனடா மத்திய வங்கி தன் வட்டிவீதத்தை 2022 மார்ச்சில் 0.25இலிருந்து ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலையில் 5 வீதத்துக்குக் கொண்டுபோனது. லைன் ஒஃப் கிரெடிட்டின் வட்டி கூடவே ஏறும். நீர் கேட்கிற தொகைக்கு அந்த ஏற்றம் மட்டுமே மாதம் ஏறக்குறைய 600 டொலர். இரவு வேலை செய்கிற 62 வயது மனிதருக்கு அது எத்தனை இரவு என்று நீரே பாரும்.

அவருடைய ஓய்வூதியத்தைப்பற்றி யோசித்தீரா? ஓல்ட் ஏஜ் செக்கியூரிட்டி என்ற அரசாங்க முதியோர் ஓய்வூதியம் முழுத்தொகையாகக் கிடைக்க, 18 வயதுக்குப் பிறகு இந்த நாட்டில் 40 வருடம் இருந்திருக்கவேண்டும். 32 வயதில் வந்தவருக்கு 65 வயதில் 40இல் 33 பங்குதான். யுத்தத்துக்குள் இருந்து வந்த எங்கள் தலைமுறைக்கு அந்த மிச்சத்தை நிரப்புவது வீடுதான். பெற்றோரின் வீட்டைப் பிள்ளையின் முதல் என்று நினைப்பதை நான் ஒருக்காலும் ஏற்கமாட்டேன். அறுபது தாண்டிய பெற்றோரைப் பிள்ளை தாங்கவேண்டும். தாங்க முடியாவிட்டால் அவர்களுடைய தலையில் பாரத்தை ஏற்றாமலாவது இருக்கவேண்டும். இது பழைய காலத்துக் கதை என்று உமக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

அம்மாவைப்பற்றியும் ஒன்று. வீட்டில் உண்மை முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவதான். தெரிந்தவ மறுக்கிறா. தெரியாதவர் கையொப்பம் வைப்பார் என்று நம்புகிறீர். அம்மாவைச் ‘சம்மதிக்க வைக்க’ ஒன்றுமில்லை, அவ சொன்னதுதான் பதில்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அப்பாவுக்கு லீவு உள்ள நாளில், அவர் நித்திரை கொண்டு எழும்பிய பிறகு, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வங்கிப் படிவத்தைத் தமிழில் வரிக்கு வரி வாசித்துக் காட்டும். வட்டி ஏறும் என்பதை வாசியும். கட்டத் தவறினால் வீட்டை விற்று எடுக்க வங்கிக்கு உரிமை இருக்கிறது என்பதை வாசியும். அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தவேண்டாம். “வேண்டாம்” என்று அவர் சொன்னால் அத்தோடு விடும். அக்காவையோ மாமாவையோ தூது விடாதேயும். “சரி” என்று சொன்னாலும் அன்றைக்கே கையொப்பம் வாங்காதேயும். அவருக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணி பார்க்கட்டும். அவரை அப்பாவே தெரிவு செய்யட்டும், ஸ்காபரோவில் தமிழ் பேசுகிற சட்டத்தரணிகளுக்குக் குறைவில்லை. நீர் வெளியில் இரும். அந்த அறையில் மொழிபெயர்ப்பவர் நீராக இருக்கக்கூடாது.

வேலையை விடாதேயும். ஏழு கடைக்காரரிடமும் அடுத்த மாதத்திலிருந்து காசு கேளும். யார் கட்டுகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்தால் உம்முடைய செயலியின் பெறுமதி தெரிந்துவிடும். வீட்டை ஈடு வைக்காமல் கடன் தருகிற இடமும் இருக்கிறது: ஃபியூச்சர்பிரனர் கனடா, 18 முதல் 39 வயதுவரை உள்ளவர்களுக்கு. அவர்கள் தொழில் திட்டம் கேட்பார்கள், வழிகாட்ட ஒருவரையும் தருவார்கள். உமக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது. உம்முடைய அப்பாவுக்கு வேலை செய்ய இருப்பது மூன்று.